கேலரியில் தொலைந்த பில்லும் 1945-ல் ஒரு மேஜையும்: யார் இந்த வனீவர் புஷ்?

வீட்டு ஃப்ரிட்ஜ் திடீரென்று நின்றுபோகிறது. சர்வீஸ் ஆள் வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, பில் இருக்கா? இருக்கிறது. வாங்கிய அன்றே போனில் படம் எடுத்தாயிற்று. ஆனால் எங்கே? கேலரியில் பதினைந்தாயிரம் படங்கள். 'பில்' என்று சர்ச் போட்டால் ஹோட்டல் பில், கரண்ட் பில், மருந்துக்கடை பில் என்று வரிசையாக வந்து நிற்கின்றன. தேடுகிற பில் மட்டும் இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த நாள் உங்களுக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கும். அன்று நல்ல மழை. ஊரிலிருந்து அத்தை வந்திருந்தார். கடைக்கு எதிரில் நின்று எல்லோரும் ஜிகர்தண்டா குடித்தீர்கள். அத்தை, மழை, ஜிகர்தண்டா, ஃப்ரிட்ஜ் என்று மனசு ஒன்றைத் தொட்டு இன்னொன்றுக்குப் போய்விடுகிறது. போனுக்கு அந்த வழி தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் தேதி, ஃபைல் பெயர், படத்தில் இருக்கும் எழுத்து, முகம்.

வீட்டில் கம்ப்யூட்டர் என்ற பேச்சே இல்லாத 1945-ல் இந்தப் பிரச்சினையைப் பற்றி ஒருவர் விரிவாக எழுதினார். சேமித்து வைப்பது சுலபம், திரும்ப எடுப்பதுதான் கஷ்டம் என்றார். அதற்கு ஒரு மெஷினையும் கற்பனை செய்தார். அவர் பெயர் வனீவர் புஷ். அமெரிக்க அதிபர்களான புஷ்களுக்கு உறவில்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் விஞ்ஞானிகள் படையையே நடத்தியவர். அணுகுண்டுத் திட்டத்தைத் தொடக்கத்தில் கையில் வைத்திருந்தவரும் இவர்தான்.

புல்வெட்டும் மெஷின் மாதிரி ஒன்று

1890 மார்ச் 11 அன்று, பாஸ்டன் பக்கத்தில் எவரெட் என்ற ஊரில் பிறந்தார். அப்பா சர்ச் பாதிரியார். முன்னோர்கள் கப்பல் ஓட்டியவர்கள். குடும்ப நண்பர் ஒருவரின் குடும்பப் பெயரை எடுத்துக் குழந்தைக்கு வைத்துவிட்டார்கள். வானவர், வன்னெவர் என்று ஆளுக்கு ஒரு விதமாகக் கூப்பிட்டதில் அவருக்கு வாழ்நாள் முழுக்க எரிச்சல். நண்பர்களுக்கு அவர் வெறும் 'வேன்'.

சின்ன வயதில் அடிக்கடி உடம்பு சரியில்லாமல் படுக்கையில் கிடந்த பையன். ஆனால் கணக்கிலும் கைவேலையிலும் கெட்டி. டஃப்ட்ஸ் கல்லூரியில் படிக்கும்போதே ஒரு கருவி செய்தார். பார்க்கப் புல்வெட்டும் மெஷின் போலவே இருக்கும். அதை நிலத்தில் தள்ளிக்கொண்டு நடந்தால், மேடு பள்ளத்தையெல்லாம் உள்ளே இருக்கும் பேனா தானாகவே காகிதத்தில் வரைந்துகொண்டே வரும். சர்வே வேலையில் பல பேர் செய்வதை ஒரே ஆள் முடித்துவிடலாம். 1912 டிசம்பர் 31 அன்று பேட்டன்ட் கிடைத்தது. வயது 22.

ஒரு கம்பெனிகூட வாங்கவில்லை. கண்டுபிடித்தால் மட்டும் போதாது, அதை நாலு பேரிடம் கொண்டுசேர்க்கும் வித்தையும் வேண்டும் என்பதை அந்தப் பெட்டிதான் கற்றுக்கொடுத்தது என்று பின்னாளில் அவர் எழுதியிருக்கிறார். நடந்த வழியைத் தானாகப் பதிந்துகொள்ளும் கருவி என்ற அந்த யோசனையை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முப்பது வருடம் கழித்து அது வேறு உருவத்தில் திரும்ப வரும்.

அதன் பிறகு வாழ்க்கை வேகமெடுத்தது. ஜெனரல் எலக்ட்ரிக்கில் கொஞ்ச நாள் வேலை. ஒரு தீ விபத்துக்குப் பிறகு அதுவும் போனது. 1916-ல் எம்ஐடியும் ஹார்வர்டும் சேர்ந்து கொடுத்த இன்ஜினியரிங் டாக்டர் பட்டத்தை ஒரு வருடத்துக்குள் முடித்தார். அதே வருடம் ஃபீபியுடன் கல்யாணம். முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிக்க ஒரு கருவி செய்தார். கருவி வேலை செய்தது. ஆனால் கடற்படையும் விஞ்ஞானிகளும் உட்கார்ந்து பேசாததால் அது தப்பான கப்பல்களில் மாட்டப்பட்டு வீணாய்ப் போனது. அந்தக் கசப்பு அவருக்கு ஆறவே இல்லை.

1919-ல் எம்ஐடியில் ஆசிரியர். 1922-ல் நண்பர்களுடன் ஒரு கம்பெனி தொடங்கினார். அது விற்ற வால்வ், விலை கூடிய பேட்டரி இல்லாமல் வீட்டு கரண்டிலேயே ரேடியோவை ஓட வைத்தது. பணம் கொட்டியது. இன்று ஏவுகணை செய்யும் ரேதியான் நிறுவனத்தின் ஆரம்பம் அதுதான்.

அறை நிறைய பல்சக்கரங்கள்

1928 முதல் 1931 வரை எம்ஐடியில் அவர் குழு கட்டிய 'டிஃபரன்ஷியல் அனலைசர்' ஒரு அறையையே அடைத்துக்கொண்டது. இரும்புத் தண்டுகள், பல்சக்கரங்கள், சுழலும் தட்டுகள். கையால் போட்டால் மாதக்கணக்கில் இழுக்கும் கணக்குகளை அது சக்கரம் சுற்றியே போட்டுவிடும். கணக்கு மாறினால் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய் தண்டுகளை மாற்றி மாட்ட வேண்டும். கை முழுக்க எண்ணெய். 1936-ல் அந்த மெஷினைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஒல்லியாக ஒரு மாணவர் வந்து சேர்ந்தார். பெயர் கிளாட் ஷானன். டிஜிட்டல் உலகத்துக்கே கணக்கு எழுதிக் கொடுத்தவர் என்று இன்று படிக்கிறோமே, அவரேதான்.

மாணவர் டிஜிட்டல் பக்கம் போனார். குருநாதர் கடைசி வரைக்கும் பல்சக்கரம், ஃபிலிம், லென்ஸ் ஆசாமியாகவே இருந்தார். 1940-ல் கணித மேதை நார்பர்ட் வீனர், எண்களால் ஓடும் கணிப்பொறி ஒன்றுக்கான திட்டத்தை அனுப்பியபோது, இப்போது அவசரத்துக்கு உதவாது என்று புஷ் ஓரமாக வைத்துவிட்டார். அவர் செய்த பெரிய தவறுகளில் ஒன்று.

அந்தக் காலத்தின் பென்டிரைவ் மைக்ரோஃபிலிம். ஒரு பக்கத்தைத் தபால்தலையைவிடச் சின்னதாக்கி ஃபிலிமில் படமெடுத்து வைப்பார்கள். இடம் மிச்சம். ஆனால் ஆயிரக்கணக்கான பக்கங்கள் கொண்ட ஒரு சுருளில் நமக்கு வேண்டிய பக்கம் எங்கே? இதற்காகத்தான் புஷ் 1930-களின் கடைசியில் 'ரேபிட் செலக்டர்' என்ற மெஷினில் இறங்கினார். ஃபிலிமில் ஒரு பக்கம் ஆவணத்தின் படம். பக்கத்திலேயே அது எதைப் பற்றியது என்று சொல்லும் புள்ளிகள். சுருள் வேகமாக ஓடும். ஒளியை உணரும் செல், நாம் கேட்ட புள்ளி வரிசையைக் கண்டதும் ஃபிளாஷ் விளக்கு ஒருமுறை மின்னும். ஓடும் ஃபிலிமை நிறுத்தாமலே அந்தப் பக்கத்துக்கு ஒரு காப்பி விழுந்துவிடும்.

கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்யும் கருவியை அதற்கும் முன்பே ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்தில் இமானுவேல் கோல்ட்பர்க் செய்து, 1931-ல் அமெரிக்க பேட்டன்டும் வாங்கிவிட்டார். கோல்ட்பர்க் யூதர். 1933-ல் நாஜிகள் அவரைக் கடத்திப்போய் மிரட்டினார்கள். உயிர் பிழைத்தால் போதும் என்று நாட்டைவிட்டே வெளியேறினார். பல வருடம் அவர் பெயரை யாரும் சொல்லவில்லை. நல்ல ஆராய்ச்சிகூடக் கவனிப்பாரில்லாமல் தொலைந்துபோகிறது என்று வருத்தப்பட்டு புஷ் எழுதிய கட்டுரையில், மெண்டலின் பெயர் உண்டு. கோல்ட்பர்க் பெயர் கிடையாது.

ஒரே ஒரு பக்கம்

1939-ல் வாஷிங்டனுக்குக் குடிபெயர்ந்து கார்னகி நிறுவனத்தின் தலைவரானார். ஐரோப்பாவில் போர். முதல் போரில் பட்ட அனுபவம் மனதில் அப்படியே இருந்தது. 1940 ஜூன் 12 அன்று அதிபர் ரூஸ்வெல்ட்டைப் பார்க்கப் போனார். ஜெர்மன் படை பாரிஸுக்குள் நுழைய இன்னும் 2 நாள்தான். கையில் ஒரே ஒரு தாள். விஞ்ஞானிகளை ராணுவத்தோடு இணைக்க, நேரடியாக அதிபருக்குக் கீழே ஒரு குழு வேண்டும் என்று அதில் நாலு பத்தி. சுமார் 15 நிமிஷத்தில் ரூஸ்வெல்ட் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அந்தத் தாளிலிருந்து வளர்ந்ததுதான் 1941-ல் வந்த ஓஎஸ்ஆர்டி என்ற ஆராய்ச்சி அமைப்பு. ரேடார், விமானத்தின் அருகே போனதும் தானாக வெடிக்கும் குண்டு, பெனிசிலினைப் பெருமளவில் தயாரிப்பது என்று பலதும் இதன் வழியாக நடந்தன. அணுகுண்டு ஆராய்ச்சியும் ராணுவத்தின் கைக்குப் போகும்வரை இவர் பொறுப்பில்தான் இருந்தது. 1944 ஏப்ரலில் டைம் பத்திரிகை அட்டையில் இவர் படத்தைப் போட்டது.

ஆயிரக்கணக்கான விஞ்ஞானிகள், ஆளுக்கு ஒரு அறிக்கை. யார் எதைக் கண்டுபிடித்தார்கள் என்பதை அடுத்த அறைக்காரர்கூடத் தெரிந்துகொள்ள முடியாத அளவுக்குக் காகிதம் குவிந்தது. தேடும் மெஷினைப் பற்றி 1939-லேயே அவர் ஒரு கட்டுரை எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பியிருந்தார். அது அப்போது அச்சேறவில்லை. போர் முடியப்போகும் நேரத்தில் மறுபடி கையில் எடுத்தார்.

1945 ஜூலை

ஒரு மனிதனின் வாழ்க்கையில் இப்படி ஒரு மாதம் அமைவது அபூர்வம். அட்லாண்டிக் மன்த்லியின் ஜூலை இதழில் 'ஆஸ் வி மே திங்க்' என்ற அந்தக் கட்டுரை வந்தது. ஜூலை 16 அதிகாலையில் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் உலகின் முதல் அணுகுண்டு சோதனை. புஷ் அங்கே தரையில் படுத்திருந்தார். ஜூலை 19 அன்று, அடிப்படை ஆராய்ச்சிக்கு அரசு பணம் தர வேண்டும் என்ற அவருடைய அறிக்கை வெளியானது. கேட்டவர் ரூஸ்வெல்ட். அவர் ஏப்ரலில் இறந்துவிட்டதால் வாங்கிக்கொண்டவர் ட்ரூமன். அடுத்த மாதம் ஹிரோஷிமா. ஜப்பான் மீது குண்டைப் போடலாம் என்று பரிந்துரைத்த குழுவிலும் புஷ் ஒரு உறுப்பினர். இதை விட்டுவிட்டு அவர் கதையைச் சொல்ல முடியாது.

கட்டுரைக்கு வருவோம். போர் முடிந்தபின் விஞ்ஞானிகள் என்ன செய்யலாம் என்ற கேள்வியோடு தொடங்குகிறது. அவர் காட்டும் வேலை இதுதான்: மனிதன் சேர்த்து வைத்த அறிவை அவனுக்கே கைக்கெட்டும்படி செய்வது.

அங்கேதான் மேஜை வருகிறது. பெயர் 'மெமெக்ஸ்'. மெமரியையும் இண்டெக்ஸையும் சேர்த்து வைத்த பெயர் என்று பலர் சொல்வதுண்டு. புஷ்ஷோ சும்மா வாயில் வந்த பெயரை வைத்ததாகத்தான் எழுதியிருக்கிறார். பார்த்தால் சாதாரண ஆபீஸ் மேஜை. மேலே சாய்வாக இரண்டு திரைகள், ஒரு கீபோர்டு, சில பட்டன்கள், லிவர்கள். உள்ளே மைக்ரோஃபிலிம். ஒருவர் வாங்கும் புத்தகங்கள், பத்திரிகைகள், வருகிற கடிதங்கள், கையால் எழுதிய குறிப்புகள், போட்டோக்கள் எல்லாம் அதற்குள். மேஜையில் கண்ணாடி பதித்த ஒரு இடம் உண்டு. தாளை அதன்மேல் வைத்து லிவரைத் தள்ளினால் படம் எடுத்து உள்ளே போட்டுக்கொள்ளும். நம் ஸ்கேனர்தான், வேறென்ன. தினமும் 5,000 பக்கம் போட்டாலும் நிரம்ப நூற்றுக்கணக்கான வருடம் ஆகும் என்று கணக்குப் போட்டார். இன்று ஸ்டோரேஜ் ஃபுல் என்று போன் கத்துவதை அவர் பார்த்ததில்லை.

புத்தகத்தைக் கூப்பிட அதன் குறியீட்டைத் தட்ட வேண்டும். லிவரை வலப்பக்கம் கொஞ்சம் தள்ளினால் ஒவ்வொரு பக்கமாகப் புரளும். இன்னும் தள்ளினால் பத்துப் பத்தாக. இன்னும் தள்ளினால் நூறு நூறாக. ஸ்க்ரோல் என்று ஒரு வார்த்தை நம் வாயில் புழங்க எத்தனையோ வருடம் முன்பு.

இன்னொரு சாமானும் சொன்னார். விஞ்ஞானியின் நெற்றியில் வால்நட் கொட்டை அளவுக்கு ஒரு கேமரா. சட்டைக் கைக்குள் ஓடும் ஒரு கயிற்றைச் சுண்டினால் கண் பார்ப்பது படமாகிவிடும். பேசினால் தானாகவே டைப் ஆகும் மெஷினும் உண்டு. இத்தனை கற்பனை செய்தவருக்கு, கருவியைப் பயன்படுத்துகிறவர் எப்போதும் ஆணாகவும், உட்கார்ந்து தட்டச்சு செய்கிறவர் எப்போதும் பெண்ணாகவும்தான் தோன்றியிருக்கிறார்கள்.

எந்த ஃபோல்டரில் போடுவது?

கருவிகளைவிட முக்கியமானது, நாம் தேடும் முறையைப் பற்றி அவர் சொன்ன குறை. எல்லாவற்றையும் அகர வரிசையிலோ எண் வரிசையிலோ அடுக்குகிறோம். பிரிவு, அதற்குள் உட்பிரிவு, அதற்குள் இன்னொன்று என்று இறங்கிப்போய்த் தேடுகிறோம். ஒரு பொருள் ஒரே இடத்தில்தான் இருக்க முடியும். ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டு அடுத்ததைத் தேட வேண்டுமானால், மறுபடி வெளியே வந்து முதல் வாசலிலிருந்து நுழைய வேண்டும்.

ஆபீஸ் வேலையாகக் கோவை போய், அப்படியே சித்தி வீட்டில் தங்கி, அங்கே பாப்பாவோடு படம் எடுத்துக்கொண்ட ஒருவரை நினைத்துப் பாருங்கள். ரயில் டிக்கெட்டை 'ஆபீஸ்' ஃபோல்டரில் போடுவதா, 'பயணம்' ஃபோல்டரில் போடுவதா, 'குடும்பம்' ஃபோல்டரிலா? எதில் போட்டாலும் ஆறு மாதம் கழித்து வேறொன்றில்தான் தேடுவோம். கடைசியில் எல்லாம் டவுன்லோட்ஸில் கிடக்கும்.

மனசு இப்படி வேலை செய்வதில்லை என்றார் புஷ். ஒன்றைப் பிடித்தால், அதோடு ஒட்டிய அடுத்தது உடனே வருகிறது. மெமெக்ஸின் உயிரே இதை மெஷினில் கொண்டுவருவதுதான். இரண்டு திரையில் இரண்டு பக்கங்களை வைத்து ஒரு பட்டனைத் தட்டினால் இரண்டும் நிரந்தரமாகக் கோத்துக்கொள்ளும். அதன்பின் ஒன்றைத் திறந்தால் இன்னொன்றும் வரும். இப்படிக் கோத்துக்கொண்டே போனால் ஒரு தடம் உருவாகும். அதற்கு ஒரு பெயரும் வைத்துக்கொள்ளலாம்.

அவர் கொடுத்த உதாரணம் வில். சிலுவைப் போர்களில் துருக்கியரின் குட்டை வில் ஏன் ஆங்கிலேயரின் நீள வில்லைவிட மேலாக இருந்தது என்று ஒருவர் ஆராய்கிறார். கலைக்களஞ்சியத்தில் ஒரு கட்டுரை, வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு பக்கம், அதிலிருந்து கிளை பிரிந்து பொருள்களின் மீள்தன்மை பற்றிய அட்டவணை, நடுவில் தானே கையால் எழுதிய ஒரு குறிப்பு. எல்லாம் ஒரே தடத்தில். வருடங்கள் கழித்து நண்பருடன் வேறு ஏதோ பேசும்போது அந்தத் தடம் ஞாபகம் வருகிறது. சில பட்டனைத் தட்டினால் மொத்தமும் திரையில். நண்பர் கேட்கிறார். அந்தத் தடத்தையே படமெடுத்துக் கொடுக்கிறார், நண்பர் தன் மெமெக்ஸில் போட்டுக்கொள்கிறார். லிங்க் அனுப்புவது போலத்தான். ஆனால் போவது ஒரு பக்கம் இல்லை, ஒருவர் யோசித்த வழி.

நடந்த வழியைத் தானே வரைந்துகொண்ட அந்தப் பழைய சர்வே பெட்டி ஞாபகம் வருகிறதா?

கட்டுரையின் முடிவில் அவர் சொல்லும் காரணம்தான் இன்றைக்கும் உறுத்துகிறது. இதெல்லாம் எல்லாவற்றையும் எப்போதும் ஞாபகம் வைத்துக்கொள்வதற்காக இல்லையாம். நிம்மதியாக மறப்பதற்காக. வேண்டும்போது கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தால் மண்டையில் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. நாம் சேமிப்பில் அவரையும் தாண்டி வந்துவிட்டோம். அந்த நம்பிக்கை மட்டும் கிடைக்கவில்லை. அதனால்தான் ஒரே ஆதார் காப்பியை கேலரியில் ஒன்று, மெயிலில் ஒன்று, வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பியது ஒன்று என்று வைத்துக்கொண்டு, கவுன்டரில் நிற்கும்போது மூன்றிலும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

குடிசையில் படித்த இளைஞன்

அந்த வருடம் செப்டம்பரில் லைஃப் பத்திரிகையும் கட்டுரையைச் சுருக்கி, மேஜையின் படம் வரைந்து வெளியிட்டது. பிலிப்பைன்ஸின் லேய்டே தீவில், ஊர் திரும்பக் காத்திருந்த ஒரு கடற்படை ரேடார் டெக்னீஷியன், மூங்கில் கால் நட்டு உயர்த்திய ஒரு குடிசையில் இருந்த செஞ்சிலுவைச் சங்க நூலகத்தில் அந்தக் கருத்தைப் படித்தார். பெயர் டக்ளஸ் ஏங்கல்பார்ட். பிற்பாடு மவுஸைக் கண்டுபிடித்தவர். 1962-ல் கட்டுரையின் பகுதிகளைப் பயன்படுத்த அனுமதி கேட்டு புஷ்ஷுக்குக் கடிதம் எழுதினார். 1968 டிசம்பர் 9 அன்று சான்ஃபிரான்சிஸ்கோவில் மவுஸ், திரை, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும் இணைப்பு எல்லாவற்றையும் ஒரே மேடையில் காட்டினார். 1965-ல் 'ஹைப்பர்டெக்ஸ்ட்' என்ற சொல்லை உருவாக்கிய டெட் நெல்சனும் இந்தக் கட்டுரையைக் கொண்டாடியவர்தான்.

மெமெக்ஸை அச்சு அசலாகத் தன் வாழ்க்கையிலேயே செய்து பார்த்தவர் கார்டன் பெல். மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவில் இருந்தபோது, 1990-களின் கடைசியில் தொடங்கி, கடிதங்கள், புத்தகங்கள், பழைய போட்டோக்கள், மருத்துவ அறிக்கைகள் என்று தன்னிடம் இருந்ததையெல்லாம் ஸ்கேன் செய்தார். சக ஆராய்ச்சியாளர் ஜிம் கெம்மெல் குழு அதற்காக 'மைலைஃப்பிட்ஸ்' என்ற மென்பொருளை எழுதியது. தானாகப் படம் எடுக்கும் ஒரு சின்ன கேமராவைக்கூட பெல் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார். நெற்றிக் கேமரா கழுத்துக்கு இறங்கியது, அவ்வளவுதான். பின்னாளில் வாழ்க்கையைப் பதிந்துகொண்டே இருக்கும் பழக்கத்தை பெல்லே விட்டுவிட்டார்.

காரணம் ஒன்றும் ரகசியம் இல்லை. தடம் போட யாருக்கு நேரம்? ஒவ்வொரு படத்தையும் எடுத்து வைத்து, இது அதோடு சேர்ந்தது என்று உட்கார்ந்து கோப்பது வேலை. புஷ் இதை உணர்ந்துதான் இருந்தார். பிறருக்காகத் தடம் போட்டுக் கொடுப்பதையே தொழிலாகச் செய்யும் ஆட்கள் வருவார்கள் என்று எழுதினார். ஆராய்ச்சிக்கு அது சரி. வீட்டு ஃப்ரிட்ஜ் பில்லுக்கு யார் வருவார்? அவர் திட்டத்தின் பலவீனமான இடம் இதுதான்.

நாம் போன பாதை வேறு. கோக்கும் வேலையை மெஷினிடமே விட்டுவிட்டோம். முகம் பார்த்து, எழுத்தைப் படித்து, இடத்தை வைத்து அதுவே வகைப்படுத்துகிறது. பல நேரம் பிரமாதமாகக் கண்டுபிடித்தும் கொடுக்கிறது. ஆனால் அது கோப்பது படத்தில் தெரிவதைத்தான். அத்தை வந்த அன்றுதான் ஃப்ரிட்ஜ் வாங்கினோம் என்பது படத்தில் இல்லை, உங்களிடம்தான் இருக்கிறது. கூகுள் போட்டோஸிலும் ஐபோனிலும் படத்தின் கீழே ஒரு வரி எழுதிவைக்க இடம் உண்டு, அந்த வார்த்தையைப் போட்டுத் தேடினால் படம் வரும். 'ஃப்ரிட்ஜ் பில், அத்தை வந்த அன்று' என்று பத்து விநாடியில் எழுதிவிடலாம். எல்லாப் படத்துக்கும் வேண்டாம், வருடத்துக்கு இருபது முப்பது முக்கியமானவற்றுக்குப் போதும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. மெமெக்ஸ் உங்கள் வீட்டு மேஜை. பூட்டினால் பூட்டியதுதான். நம் வாழ்க்கைப் பதிவு பெரும்பாலும் ஏதோ ஒரு நிறுவனத்தின் சர்வரில், மாதச் சந்தாவில் இருக்கிறது.

வான்கோழிப் பண்ணை

போருக்குப் பிறகு புஷ்ஷின் செல்வாக்கு சரிந்தது. ட்ரூமனுடன் ஒத்துப்போகவில்லை. அவர் கேட்ட அறிவியல் அறக்கட்டளை 1950-ல்தான் வந்தது, அதுவும் அவர் நினைத்த வடிவத்தில் இல்லை. கண்டம் தாண்டும் ஏவுகணையெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவராது என்று 1949-ல் புத்தகமே எழுதித் தப்புக் கணக்குப் போட்டார். 1952-ல் ஹைட்ரஜன் குண்டு சோதனையைத் தள்ளிப்போடச் சொன்னார், யாரும் கேட்கவில்லை. 1954-ல் ஓப்பன்ஹைமர் மீது விசாரணை நடந்தபோது போய் அவருக்காகச் சாட்சி சொன்னார். பதவி போனாலும் பரவாயில்லை என்று நினைக்கிறவர்கள் மட்டும் செய்த காரியம் அது.

நியூ ஹாம்ப்ஷயரில் ஜாஃப்ரி என்ற ஊரில் அவருக்கு ஒரு பண்ணை இருந்தது. அங்கே வான்கோழி வளர்த்தார், பட்டறையில் எதையாவது செதுக்கிக்கொண்டிருந்தார். தன் புகைக்குழாயைத் தானே செய்துகொள்வார். மெமெக்ஸ் மட்டும் அவரை விடவில்லை. 1959-ல் அதைப் பற்றி மறுபடி எழுதி அச்சுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தார். 1967-ல் இன்னொரு கட்டுரை. காந்த நாடாவும் டிரான்சிஸ்டரும் வந்துவிட்டதைப் பார்த்தார், ஆனாலும் தனி மனிதனின் மேஜைக்கு அது வர இன்னும் நாளாகும் என்றே எழுதினார். 1970-ல் நினைவுக்குறிப்புகளை வெளியிட்டார்.

1974 ஜூன் 28 அன்று பாஸ்டன் அருகே பெல்மான்ட்டில், பக்கவாதத்துக்குப் பிறகு வந்த நிமோனியாவால் இறந்தார். வயது 84. மெமெக்ஸ் கடைசி வரை செய்யப்படவே இல்லை.

அவருடைய கடிதங்களும் குறிப்புகளும் வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் அட்டைப்பெட்டிகளில் இருக்கின்றன. கடிதங்கள் எழுதியவர் பெயரின் அகர வரிசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று வேண்டுமென்றால், அது யாருடையது என்று முதலிலேயே தெரிந்துகொண்டு போய்த்தான் கேட்க வேண்டும்.